காற்றைக் காக்கும் பொருத்து



நீர்க்குடம் ஒழுகினால் அது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். குடம் இருந்த இடம் நனையும், ஈரம் பரவும். காற்று ஒழுகும்போது அத்தகைய அடையாளம் எதுவும் கிடைப்பதில்லை. நல்ல நிலையில் நிறுத்திய கார் நான்கு நாள் கழித்துப் பார்க்கும்போது ஒரு மூலையில் சற்றே அமிழ்ந்து நிற்கும். உரிமையாளர் காற்றடித்துக்கொண்டு போவார். மறு வாரமும் அதே கதை. ரயர் கடைக்காரர் ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், ஆணி இல்லை. வால்வை மாற்றிக் கொடுப்பார். அதன் பின்னும் காற்று இறங்கும். அந்நிலையில் சில்லை உற்று நோக்கினால், அதன் முகத்தைச் சுற்றிச் சிறிய போல்ட்டுகள் மாலை கோத்தாற்போல வரிசையாக இருப்பதைச் சில கார்களிற் காணலாம். அந்தச் சில்லு ஒரே வார்ப்பாக அமைந்ததன்று. இரண்டு அல்லது மூன்று துண்டுகளைப் பொருத்தி ஆக்கப்பட்டது. காற்று வெளியேறும் வழி பெரும்பாலும் அத்துண்டுகள் கூடும் இடமேயாகும்.

இத்தகைய சில்லின் பொருத்தை வீட்டிலேயே பிரித்து, பழைய பூச்சை நீக்கி, மீண்டும் காற்றுப் புகாவண்ணம் அடைப்பது மேனாடுகளிற் கார்ப்பிரியர் பலர் மேற்கொள்ளும் வேலை. கருவி அதிகம் வேண்டாத வேலைதான். ஆயினும் ஒரு காரில் ஏறிச் செல்லும் அனைவருடைய உயிரும் நான்கு சில்லுகளின்மேல் இருக்கிறது. ஆகவே எதைத் தன் கையாற் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற எல்லையை முதலில் அறிந்துகொள்வது இவ்வேலையின் முதற் படியாகும்.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்திற் சில்லு காற்றைக் காக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ரயருக்குள்ளே ரியூப் இருந்தது. காற்று அதனுள்ளே அடங்கியிருந்தது. சில்லில் எத்தனை துளை இருந்தாலும், எத்தனை ஒட்டு இருந்தாலும், காற்றுக்கு அதனால் இழப்பில்லை. கம்பி ஆரங்கள் கொண்ட சில்லுகள் ஆரத்துக்கு ஒரு துளையாகப் பல துளைகளோடு நெடுங்காலம் ஓடியதும் இதனாலேயே. ஐக்கிய அமெரிக்காவின் அக்றன் நகரிலிருந்த குட்றிச் கம்பனி 1947 ஆம் ஆண்டில் ரியூப் இல்லாத ரயரை அறிவித்தது. அதனை உருவாக்கிய பொறியியலாளர் பிராங்க் ஹெர்செக் என்பவருக்கு 1952 இல் அதற்கான காப்புரிமை கிடைத்தது. 1955 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் புதுக் கார்களில் அதுவே வழக்கமாயிற்று. ரியூப் போனதும், சில்லின் றிம்மே காற்றறையின் ஒரு சுவராக மாறியது. அன்று முதல் றிம்மிலுள்ள ஒவ்வோர் ஒட்டும் காற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

அப்படியானால், ஒட்டே இல்லாத ஒற்றைத் துண்டுச் சில்லோடு நிறுத்திக்கொள்ளாமல், துண்டு துண்டாகச் சில்லைச் செய்வானேன் என்ற கேள்வி எழும். அதற்கு விடை ஓட்டப் பந்தயத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், கின்சிக் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் ஷில்டாக். ஹைன்றிக் பவும்கார்ட்னர், கிளவுஸ் பிராண்ட் என்னும் இருவர் 1970 இல் அங்கே ஒரு தொழிலகத்தை நிறுவினர். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் ஊரின் முதலெழுத்தும் சேர்ந்து பி.பி.எஸ். என்ற பெயர் உண்டாயிற்று. அவர்கள் முதலிற் செய்தவை பந்தயக் கார்களுக்கான பிளாஸ்திக்கு உடற்பாகங்கள். 1972 இல் மூன்று துண்டுப் பந்தயச் சில்லை ஆக்கினர். அதன் அமைப்பு எளியது. நடுவிலே ஆரங்கள் கொண்ட முகத்தட்டு; வெளிப்புறத்தில் ஒரு வளையம்; உட்புறத்தில் இன்னொரு வளையம். மூன்றையும் போல்ட்டுகள் பிணைத்து நிற்கும். பந்தயத்தில் ஒரு வளையம் நெளிந்தால் அதனை மட்டும் மாற்றலாம். அகலமான ரயர் வேண்டுமாயின் அகலமான வளையத்தை வைத்து, அதே முகத்தட்டைப் பயன்படுத்தலாம். இந்த வசதி கண்டு பின்னர்த் தெருக் கார்களுக்கும் இவ்வகைச் சில்லு வந்தது.

இதில் அடைப்பு எங்கே இருக்கிறது? இரு வளையங்களும் உட்புறமாக மடிந்த விளிம்புகளால் ஒன்றையொன்று தொட்டுப் பொருந்துகின்றன. போல்ட்டுகள் அவ்விளிம்புகளின் வழியே செல்கின்றன. அவ்விரு விளிம்புகளும் கூடும் வரையிலே, ரயர் இருக்கும் பக்கத்தில், சுற்றிலும் ஒரு சிறு பள்ளம் அமைந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் இடப்படும் சிலிக்கோன் பூச்சே காற்றைத் தடுப்பது. சில தயாரிப்புகளிற் பூச்சுக்குப் பதிலாக இறப்பர் வளையம் இருக்கும். விமானச் சில்லுகளும் இரு பாதிகளாகவே செய்யப்பட்டு, இறப்பர் வளையத்தால் அடைக்கப்பட்டு, நீண்ட போல்ட்டுகளால் இணைக்கப்படுகின்றன. ஆகவே துண்டுகளாக இருப்பது குறையன்று. பொருத்தின் ஒழுங்கு கெடுவதே குறை.

இனி, இதில் அடங்கியிருக்கும் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். வெளி விட்டம் 24 அங்குலமும் றிம் விட்டம் 15 அங்குலமும் கொண்ட ஒரு சாதாரணக் கார் ரயரை எடுத்துக்கொள்க. அதன் ஒரு பக்கச் சுவரின் பரப்பு ஏறத்தாழ 275 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தத்திற் காற்று இருக்குமாயின், அச்சுவரின்மேல் மட்டும் 8,000 இறாத்தலுக்கு அதிகமான விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. அதில் ஒரு பெரும் பங்கு ரயரின் விளிம்பு வழியாக றிம்மின் விளிம்பை அடைந்து, இரு வளையங்களையும் பிரிக்க முயல்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரின் அமைதியான சில்லுக்குள்ளே இத்தனை விசை ஓய்வின்றி வேலை செய்கிறது. காற்று உள்ளே இருக்கையில் அந்தப் போல்ட்டுகளை ஒருவர் தளர்த்தத் தொடங்கினால் நிகழக்கூடியது யாதென்பதை இக்கணக்கே சொல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப் வண்டிகள் சிலவற்றில் இரு பாதிகளாகப் போல்ட்டால் இணைத்த சில்லு இருந்தது. அத்தகைய சில்லுகளிற் சில்லைக் கழற்றும் நட்டு எது, பாதிகளைப் பிணைக்கும் நட்டு எது என்று அறியாமல் கை வைத்தல் உயிராபத்தாகும்.

இவ்விடத்தில் இன்னொரு வகைச் சில்லையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும். பழைய லொறிகளிலும், மண் அகழும் பெரிய இயந்திரங்களிலும் பல துண்டு றிம்கள் உண்டு. அவற்றிற் பக்க வளையத்தைப் பிடித்து வைப்பது போல்ட்டன்று. ஒரு பூட்டு வளையம். அது தன் பள்ளத்தில் நன்றாகப் பொருந்தி இருக்கும்வரை காற்றின் அழுத்தமே அதனை இறுக்கி வைக்கும். வளையம் துருப்பிடித்திருந்தாலோ, நெளிந்திருந்தாலோ, சரியாக அமராதிருந்தாலோ, காற்றடிக்கும்போது அது பீறிட்டுப் பறக்கக்கூடும். இதனால் உயிரிழந்தோர் உளர். ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்புத் துறை 1980 ஆம் ஆண்டில் இத்தகைய றிம்களுக்கென்றே தனி விதிகளை வகுத்தது. பயிற்சி பெற்றவரே தொட வேண்டும் என்பதும், இருப்புக் கூட்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுட் சில. ஆகவே பூட்டு வளையச் சில்லு எதுவாயினும் வீட்டு முற்றத்து வேலைக்கு உரியதன்று. இனிக் கூறப்படுவன யாவும் போல்ட்டால் இணைத்த கார்ச் சில்லுக்கே பொருந்தும்.

வேலையின் தொடக்கம் நோய் அறிதல். சவர்க்கார நீரை ஒரு தூரிகையால் மூன்று இடங்களிலே பூச வேண்டும். ரயர் விளிம்பு றிம்மோடு சேரும் இடம் ஒன்று. வால்வின் அடி இரண்டு. துண்டுகள் கூடும் பொருத்தும் போல்ட்டுத் தலைகளும் மூன்று. குமிழி எங்கே எழுகிறதோ அங்கே ஒழுக்கு. பொருத்தை மட்டும் குற்றஞ் சாட்டிச் சில்லைப் பிரித்தபின், குற்றவாளி ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடிய வால்வு என்று கண்டவர்கள் உண்டு. பொருத்திலேதான் குமிழி எழுந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. பூச்சு முதுமையடைந்து வெடித்திருக்கலாம். தெருவோரக் கல்லில் மோதி வளையம் சற்று நெளிந்திருக்கலாம். அல்லது பூச்சின் கீழே அலுமினியம் உப்புப் பூத்திருக்கலாம். அலுமினியம் அரித்து உண்டாகும் வெண்ணிறப் படிவு, தான் தோன்றிய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆதலால் அது பூச்சை அடியிலிருந்து மெல்ல உயர்த்திவிடுகிறது.

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ப்புறச் சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கியை அடியில் வைத்தே சில்லைக் கழற்றுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. அடுத்து வால்வின் உள்ளூசியைத் திருகி எடுத்துக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். சீறும் ஓசை நின்றுவிட்டது என்பதை மட்டும் கொண்டு திருப்தியடையாமல், ரயரைக் கையால் அழுத்திப் பார்த்து, உள்ளூசியைத் திரும்பப் போடாமலே விடுதல் வேண்டும். அதன் பின் ரயரை றிம்மிலிருந்து கழற்றும் வேலையை ரயர் கடையின் இயந்திரத்திடம் விட்டுவிடுவதே நன்று. நெம்புகோலால் வீட்டிற் கழற்ற முயல்வோர் மெல்லிய அலுமினிய விளிம்பைக் கீறிவிட்டு, ஓர் ஒழுக்குக்குப் பதிலாக இரண்டை உண்டாக்கிக்கொள்வார்கள்.

ரயர் இல்லாத சில்லு கைக்கு வந்ததும், பிரிக்குமுன் மூன்று துண்டுகளின்மேலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் இட வேண்டும். வால்வுத் துளை எந்த ஆரத்துக்கு நேரே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்க. போல்ட்டுகள் ஒரு சில்லுக்கு இருபது முதல் நாற்பது வரை இருக்கலாம். அவற்றை ஒரே பக்கமாகத் தொடர்ந்து கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் வேண்டும். சில போல்ட்டுகளின் மரையில் அவை தளராதிருக்க ஒருவகைப் பசை இடப்பட்டிருக்கும்; அவற்றை அவசரத்தால் முறுக்கினால் தலை உடைந்துவிடும். மென்மையாகச் சூடு காட்டினாற் பசை இளகும். துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால், சுத்தியலால் நேரே அடியாமல், மரக்கட்டையை இடையில் வைத்துச் சுற்றிலும் தட்ட வேண்டும்.

இனி வருவதே வேலையின் நீண்ட பகுதி. பொறுமையைச் சோதிக்கும் பகுதியும் அதுவே. பழைய பூச்சில் ஒரு துகளும் எஞ்சலாகாது. பழைய சிலிக்கோனின்மேற் புதிய சிலிக்கோன் நன்கு ஒட்டாது என்பதே காரணம். இரும்புக் கத்தியாற் சுரண்டினாற் பள்ளத்திற் கீறல் விழும். அக்கீறல் வழியே காற்று போகும். ஆகவே பிளாஸ்திக்குத் தகடு அல்லது மரச்சீவல் கொண்டு சுரண்டி, பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியாற் பன்முறை துடைக்க வேண்டும். துணியில் அழுக்குப் படியாத வரை துடைத்தல் வேண்டும். பெற்றோல் இதற்கு ஆகாது. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். தீப்பற்றும் அபாயமோ மிகப் பெரிது. அற்ககோலும் எரியும் பொருளே. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்குத் தொலைவில், சூடு காட்டும் வேலை முடிந்து நெடுநேரம் கழிந்த பின்னரே அதனைத் திறக்க வேண்டும்.

சுத்தம் முடிந்ததும் பரிசோதனை. ஒவ்வொரு போல்ட்டுத் துளையைச் சுற்றியும், ஆரங்களின் அடியிலும், மயிரிழைபோன்ற வெடிப்பு உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் நோக்க வேண்டும். வளையத்தைத் தட்டையான தடித்த கண்ணாடியின்மேல் வைத்தால், நெளிவு இருக்கும் இடத்தில் ஒளி தெரியும். வெடிப்புக் கண்டால் வேலை அத்துடன் நிற்க வேண்டும். வெடிப்பைப் பூச்சால் மூடுதல், புண்ணை மறைத்துச் சட்டை போடுவது போன்றது. வெளியே தெரியாது, உள்ளே வளரும்.

பொருத்தும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதிகம் பூசினால் அதிகம் அடைபடும் என்று எண்ணி, விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் முகங்களிலும் சிலிக்கோனைப் பூசிவிடுவார்கள். வளையங்கள் உலோகத்தோடு உலோகமாக இறுகி நிற்கவே பள்ளமுள்ள சில்லுகள் அமைக்கப்பட்டன. இடையில் மென்மையான பூச்சு அகப்பட்டால், நாளடைவில் அது நசுங்கி ஒதுங்கும். போல்ட்டின் இறுக்கம் அந்த அளவுக்குக் குறையும். எனவே முகங்கள் உலர்ந்து சுத்தமாக இருக்க, முதலில் முழுவதையும் போல்ட்டால் இணைத்துவிட வேண்டும். இழுபட்டோ துருப்பிடித்தோ இருக்கும் போல்ட்டை நீக்கி, அதே வலிமைத் தரமுள்ளதையே போட வேண்டும். முறுக்கு அளவு காட்டும் சாவியால், தயாரித்தவர் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அந்த அளவு சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒன்றன் அளவை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளலாகாது. மரைக்கு எண்ணெய் இட்டால், அதே முறுக்கில் போல்ட்டு அதிகமாக இழுபடும். தயாரித்தவர் சொல்லாவிடில் எண்ணெய் இடாதிருத்தலே முறை.

அதன் பிறகே பூச்சு. சிலிக்கோனிலும் இரு வகை உண்டு. ஒன்று உலரும்போது வினாகிரி மணம் வீசும். அதிலிருந்து வெளிவருவது அசற்றிக்கமிலம். அது உலோகத்தை அரிக்கும். மற்றது நடுநிலையாக உலர்வது. சில்லுக்கு உரியது அதுவே. ரயர்ப் பக்கத்துப் பள்ளத்தில், தொடங்கிய இடத்திலிருந்து கையெடுக்காமல் ஒரே தாரையாகச் சுற்றி வந்து, தொடக்கத்தின்மேலே சிறிது ஏறி முடிக்க வேண்டும். நனைந்த விரலால் மெல்ல அழுத்தித் தடவினால் உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழிகள் வெளியேறும்.

பூசியவுடன் ரயரை மாட்டிப் பார்க்கும் ஆசை எழும். அந்த ஆசையை அடக்கத் தெரியாதவர் இவ்வேலையைத் தொடாமலிருப்பதே நன்று. இவ்வகைச் சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறுதியாகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பே இறுகும். மேலே தொட்டால் உலர்ந்ததுபோலத் தோன்றும். உள்ளே பச்சையாகவே இருக்கும். ஒரு முழு நாள் குறைந்த அளவு. பூச்சுத் தடிப்பாயின் இரண்டு நாள் விட வேண்டும். வெயிலில் வைத்தும் நெருப்புக் காட்டியும் விரைவுபடுத்த முயல்வது வீண்.

பிறகு சில்லை மீண்டும் ரயர் கடைக்குக் கொண்டுசென்று, புதிய பூச்சின்மேல் இயந்திரத்தின் நெம்பு படாமல் மாட்டும்படி சொல்ல வேண்டும். புதிய வால்வும் போடுக. ரயர் விளிம்பு றிம்மில் அமர்வதற்காகக் காற்றடிக்கையில் 40 இறாத்தலைத் தாண்டுதல் ஆகாது. அப்போதும் அமரவில்லையெனில் காற்றை விட்டு, விளிம்பில் ரயர்ச் சவர்க்காரம் தடவி மறுபடியும் முயல வேண்டும். காற்றடிப்பவர் சில்லுக்கு நேரே குனிந்து நிற்கலாகாது. நீண்ட குழாயோடு ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். காற்றடித்தபின் சில்லு முழுவதையும் நீர்த்தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பதே உறுதியான சோதனை. அடுத்து எடைச் சமநிலை பார்த்து, காரில் மாட்டி, ஐம்பது அறுபது மைல் ஓடியபின் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தல் வேண்டும்.

சில நாட்களுக்குக் காற்றின் அளவைக் குறித்துவைப்பதும் அவசியம். ஆயின் காலைக் குளிரில் ஒரு நாளும், வெயிலில் ஓடிவந்த பின் இன்னொரு நாளும் அளந்தால் கணக்குப் பொய்யாகும். பாகை பரனைற்றிற் பத்துப் பாகைக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் வீதம் அழுத்தம் ஏறி இறங்கும். காலைக்குக் காலை, ஓடாத நிலையில் அளப்பதே நேர்மையான அளவு. ஒரு வாரம் கழிந்தும் அளவு மாறாதிருக்குமாயின் பொருத்து காற்றைக் காக்கிறது எனலாம். மாறுமாயின், மேலும் சிறிது பூசிச் சமாளிக்க நினையாமல், அத்துறையிற் பழகிய தொழிலாளரிடம் சில்லை ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைப்பது தோல்வியன்று.

தன் கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் மனிதனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தந்தை ஒருவர் முற்றத்திற் சில்லைப் பிரித்து வைத்திருக்க, மகன் அருகிலிருந்து போல்ட்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் இடுவானாயின், அந்தப் பிள்ளை அன்று கற்பது யந்திர அறிவு மட்டுமன்று. பழையதை முழுமையாக நீக்காமற் புதியது ஒட்டாது என்பதைக் கற்கிறான். இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதைக் கற்கிறான். அவசரம் காத்திருக்க வேண்டிய பொருளைக் கெடுக்கும் என்பதையும் கற்கிறான். வெடிப்பு ஒன்று கண்ணிற் பட்டபோது, அத்தனை நாள் உழைப்பையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இது வேண்டாம், தம்பி, இதிலே உன் அம்மாவும் ஏறிப் போகவேண்டும்" என்று தந்தை சொல்வாராயின், அன்றைய பாடங்களுள் அதுவே தலையாயது.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதைக் காக்கும் பொருத்தும் ரயருக்குள்ளே மறைந்தே கிடக்கும். செய்தவன் ஒழுங்காகச் செய்தானா என்பதைத் தெருவிற் போகிறவர் எவரும் பார்த்து அறியமுடியாது. யாரும் காணாத இடத்தில் வேலை ஒழுங்காக இருக்கும்போதுதான், அவ்வண்டியில் ஏறியவர்கள் அச்சமின்றிக் கதைபேசிக்கொண்டு வீடு சேர்கிறார்கள்.